தூது நாளன்று பூட்டிய கதவு

அக்கா,

இன்றைக்குக் கள்ளக்குறிச்சியில் சத்துணவு மீட்டிங் முடிந்து ஊர் திரும்ப ஷேர் ஆட்டோவில் ஏறி உட்கார்ந்தேன். பக்கத்திலிருந்து அரிதார வாசனை அடித்தது. முத்துவெள்ளையும் தேங்காய் எண்ணெயும் கலந்து, பெட்டிக்குள் பல நாள் அடைபட்டுக் கிடந்த வாசனை. கூத்துக்காரர்கள் வந்துபோன வீட்டில் மறுநாள்கூட இருக்குமே, அதே வாசனை. திரும்பிப் பார்த்தால் மடியில் தகரப் பெட்டியை வைத்துக்கொண்டு ஒரு கிழவர், காதில் கடுக்கனோடு உட்கார்ந்திருந்தார். எனக்கு ஆளை அடையாளம் தெரியவில்லை.

அவருக்கு என்னைத் தெரிந்திருந்தது. ஆட்டோ கருணாபுரத்தைத் தாண்டியதும், "ஏம்மா, நீ விதுரர் வூட்டுச் சின்னம்மாதானே?" என்றார். "நான்தாம்மா உங்க ஊர்ல கிருஷ்ணர் வேஷம் கட்டிக்கினு வருவேன். பெரியம்மா நல்லாக்கிறாங்களா?"

நீ போன பிறகு என் பையனுக்கு மீசையே முளைத்துவிட்டது. இத்தனை வருஷம் கழித்து உன்னை நலம் விசாரிக்க ஒரு ஆள் வருகிறார் என்றால், அது போயும் போயும் அந்தக் கிருஷ்ணர்தானா? எனக்குச் சிரிப்பு வந்தது. நல்ல சிரிப்பு இல்லை. அவரிடம் என்ன பேசினேன் என்று பிறகு சொல்கிறேன். இப்போது பள்ளிக்கூடத்துச் சமையல் கூடத்தில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். பிள்ளைகள் போய்விட்டார்கள். பாத்திரமெல்லாம் கழுவிக் கவிழ்த்தாயிற்று.

நான் உன் வீட்டுக்கு வந்த கதையை வெளியாளிடம் சொன்னால் நம்பமாட்டார்கள். எலவனாசூர்கோட்டையில் எங்கள் வீட்டு வாசலில் ஒரு நாள் நீ தனியாக வந்து நின்றாய். கையில் தட்டு, தட்டில் பூ, பழம், வெற்றிலை. அப்பா கயிற்றுக் கட்டிலில் படுத்திருந்தார். "பொண்ணு கேட்டு வந்திருக்கேங்க" என்றாய்.

"மாப்ளைக்கு நீ இன்னா மொறம்மா?" என்று அப்பா கேட்டார்.

"பொண்டாட்டிங்க" என்றாய்.

அப்பா எழுந்து உட்கார்ந்துவிட்டார். நான் உள்ளேயிருந்து எட்டிப் பார்த்தேன். கரும்பு வெட்டிக் காய்த்துப்போன கை, வெள்ளிக்கிழமைக்குக் குளித்த தலை, கூச்சமே இல்லாத முகம். "எனக்கு ஒண்ணும் தங்கலங்க. அவரு நல்லவரு, கை நீட்டமாட்டாரு. வூட்ல ஒரு கொழந்த நடமாடணும், அவ்ளோதாங்க" என்றாய். எனக்கு அம்மா இல்லை. பன்னிரண்டாவது முடித்து வீட்டில் கிடந்தேன். சீர் செய்ய அப்பாவிடம் எதுவும் இல்லை, நீ எதுவும் கேட்கவும் இல்லை. அவருக்கு அதுவே போதுமாக இருந்தது. உன்மேல் அன்றைக்கு வந்த கோபம் இன்னும் எனக்குப் போகவில்லை. தன் புருஷனுக்குத் தானே பெண் தேடிக்கொண்டு பஸ் ஏறி வந்தவளை ஒரு சாமியும் வழியில் நிறுத்தவில்லையே என்று.

ஊருக்கு வந்த பிறகுதான் நம் வீட்டுக்கு ஒரு பட்டம் இருப்பது தெரிந்தது. நேர் எதிரே கல்வராயன் மலை தெரிகிற கடைசித் தெருவில், ஓடு சரிந்த ஒற்றை அறை. சொந்தமாக ஒரு சாண் நிலம் கிடையாது. ஆனால் திரௌபதி அம்மன் திருவிழாவில் அதுதான் விதுரர் வீடு.

பாரதம் படிக்கிற நாட்களில் ஒரு நாள் கிருஷ்ணன் தூது. பாண்டவர்களுக்காகத் தூது போகிற கிருஷ்ணர், அரண்மனை விருந்தை வேண்டாமென்று விட்டு விதுரர் வீட்டுக்குப் போகிறார். விதுரர் அப்போது வீட்டில் இல்லை, அவர் சம்சாரம் மட்டும் இருக்கிறாள். சாமியைப் பார்த்ததும் அவளுக்குக் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை. வாழைப்பழத்தை உரித்து, பழத்தைக் கீழே போட்டுவிட்டுத் தோலைக் கொடுக்கிறாள். அவரும் வாங்கித் தின்கிறார். விதுரர் வந்து பார்த்துப் பதறிப்போய் வேறு பழம் உரித்துக் கொடுக்கிறார். தோலில் இருந்த ருசி இதில் இல்லையே என்கிறார் கிருஷ்ணர்.

நம் ஊரில் இதை மத்தியானத்தில் தெருவிலேயே நடத்துவார்கள். இரவுக் கூத்தில் ஆடப்போகிறவர் அதே வேஷத்தோடு, மத்தளமும் முகவீணையும் முன்னே வர, பெரிய தெரு வழியாக வருவார். மாடி வீட்டுக்காரர்கள் பால் செம்போடு நின்று கூப்பிடுவார்கள். அவர் தலையாட்டி மறுத்துவிட்டுக் கடைசித் தெருவுக்குத் திரும்புவார். பெரிய தெரு ஜனங்கள் நம் தெருவுக்குள் கால் வைப்பது அன்றைக்கு மட்டும்தான். இந்தத் திருவிழா முறைக்கு எந்தப் பெரிய வீடும் போட்டி போட்டதில்லை. விதுரர் வேலைக்காரி பெற்ற பிள்ளை. அந்தப் பேரைத் தன் வாசலில் யார் கட்டிக்கொள்வார்கள்?

கதையில் இல்லாத ஒன்றையும் ஊர் சேர்த்து வைத்திருந்தது. கிருஷ்ணரை நம் வாசற்படியில் மணை போட்டு உட்கார வைப்பார்கள். வீட்டுக்காரி கதவைத் திறந்து வந்து, தெருவுக்கு முதுகு காட்டி நின்று, பழத்தைத் திரும்பிப் பார்க்காமல் தோளுக்குப் பின்னால் எறியவேண்டும். பின்னால் பிள்ளை இல்லாத பெண்கள் மடியேந்தி நிற்பார்கள். எவள் மடியில் விழுகிறதோ அவள் தின்றால் அடுத்த திருவிழாவுக்குள் கையில் குழந்தை இருக்கும் என்று நம்பிக்கை. எறிகிறவள் மட்டும் தின்னக்கூடாது. ஒரு விள்ளல் வாயில் போட்டால்கூடச் சாமி பசியோடு போய்விடுமாம்.

ஆக, ஊருக்கெல்லாம் நீ பிள்ளை கொடுத்தாய், உனக்கு மட்டும் இல்லை. இதில் யாருக்கும் எதுவும் இடிக்கவில்லை. உனக்கும் இடிக்கவில்லை என்பதுதான் என்னால் தாங்கமுடியாதது.

நான் வந்த வருஷத் திருவிழாவில்தான் நீ அந்த வாசலில் நின்று பழம் எறிவதை முதலில் பார்த்தேன். காப்பு கட்டியதிலிருந்து ஒரு வேளைக் கஞ்சிதான் உனக்கு. அதோடு கரும்பு வெட்டுக்கும் போய்க்கொண்டிருந்தாய். அன்றைக்கு மஞ்சளில் நனைத்த புடவை கட்டி, ஈரத் தலையோடு வந்து நின்றாய். மத்தளம் நெருங்க நெருங்க உன் முகம் மாறியது. கூத்துக்காரர் அட்டைக் கிரீடத்தோடு, நீலச் சாயம் வியர்வையில் ஒழுக, மணையில் உட்கார்ந்திருந்தார். நீ அவரைப் பார்க்கவில்லை. அவர் இருந்த இடத்தில் வேறு யாரையோ பார்த்தாய். பழம் பின்னால் பறந்தது, தோல் அவர் வாய்க்குப் போனது, உன் கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது. விதுரராக வந்த நம் புருஷன் ஓடிவந்து உன் கையைப் பிடித்த பிறகுதான் உனக்கு மூச்சே திரும்பியது.

நான் நடிப்பு என்று நினைத்தேன். சாயங்காலம் கேட்கவும் செய்தேன்.

"அக்கா, தோலுன்னு தெரிஞ்சிதானே குடுக்கற?"

"தெரிலடி. அந்த நேரத்துல கையில இன்னா இருக்குதுன்னே தெரில. இவரு வந்து கையப் புடிக்கறாரு பாரு, அப்பத்தான் தெரியும்."

"வருஷா வருஷம் அதத்தானே பண்ற. எப்பிடித் தெரியாம போவும்?"

"வருஷா வருஷம் மறந்து போவுதே, இன்னா பண்றது" என்று சிரித்தாய்.

இன்னொரு முறை, பாரதப் பிரசங்கியார் கோயில் பந்தலில் இந்தக் கட்டத்தைச் சொல்லி முடித்துச் சோடா குடித்துக்கொண்டிருந்தபோது நீ போய் அவர் முன்னால் நின்றாய். அவரிடம் கேள்வி கேட்கிற வழக்கம் ஊரில் யாருக்கும் இல்லை. "சாமி, எல்லாரும் போன பொறவு அந்தம்மா இன்னா சாப்ட்டாங்க?" என்று கேட்டாய். அவர் யோசிக்கக்கூட இல்லை. "பகவானே சாப்ட்டாச்சு. அதுக்கப்புறம் அவளுக்கு ஏதும்மா பசி?" என்றார். சுற்றியிருந்தவர்கள் ஆஹா என்றார்கள். நீயும் தலையாட்டிக்கொண்டு வந்தாய். வழியில் என்னிடம் மட்டும், "இருந்தாலும் ரவூண்டு கஞ்சியாவது குடிச்சிருப்பாங்கடி" என்று மெதுவாகச் சொன்னாய்.

எனக்கு அந்தப் பிரசங்கியார்மேல் வந்த எரிச்சல் கொஞ்சநஞ்சமில்லை. விதுரர் சம்சாரத்துக்கு என்ன பெயர் என்று அவர் ஒரு நாளும் சொன்னதில்லை. பெயரும் கேட்காமல் சோறும் கேட்காமல் ஒருத்தி இருந்தால் ஊருக்கு ஏன் கசக்கப்போகிறது? கன்னத்தில் போட்டுக்கொண்டு போவார்கள்.

அடுத்த வருஷம் நம் புருஷன் என்னையும் மடியேந்தச் சொன்னார். எனக்கு உடம்பெல்லாம் கூசியது. சக்களத்தி எறிகிற பழத்துக்குச் சக்களத்தி மடியேந்துவதைப் பார்க்க அன்றைக்குக் கூட்டம் ஜாஸ்தி. நான் கடைசியில், வேலியோரம் ஒதுங்கி நின்றேன். நீ எறிந்தாய். எத்தனையோ கைகளைத் தாண்டி வந்து பழம் என் மடியில் விழுந்தது. அம்மன் கண் திறந்துவிட்டாள் என்று ஊரே குலவையிட்டது.

பிறகு நான் உன்னைக் குடைந்தேன். "திரும்பிப் பாத்தியா?"

"பாக்கக் கூடாதுடி."

"அப்புறம் எப்பிடி?"

"உன் வளவி சத்தம் எந்தப் பக்கம் கேக்குதுன்னு தெரியாதா எனக்கு?" என்றாய். சொல்லிவிட்டு, ஏதோ தப்பாகப் பேசிவிட்டவளைப் போல முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாய். கையில் என்ன இருக்கிறது என்று தெரியாத நேரத்திலும் என் வளையல் சத்தம் உனக்குத் தெரிந்திருக்கிறது.

எனக்கு வளைகாப்பு வைத்தபோது நம் தெருப் பெண்கள் உன்னைப் பின்னால் அடுப்படியில் உட்கார வைத்தார்கள். உன் பழத்தைத் தின்று பெற்றவர்களும் அந்தக் கூட்டத்தில் இருந்தார்கள். அவர்கள் வீட்டு வளைகாப்புக்கும் உன்னை ஒரு நாளும் அழைத்தவர்களில்லை. நான் மணையை விட்டு எழுந்து பின்பக்கம் வந்து, "நீதான் மொதல் வளவி போடணும்" என்றேன். நீ என் கையைத் தட்டிவிட்டாய். "போடி, புள்ளைக்கு ஆவாது" என்று புளிச்சோற்றைக் கிளறப் போய்விட்டாய். ஊர் சொன்னதை ஊரைவிட அதிகமாக நம்பினவள் நீ. உன்னை எந்தப் பக்கம் நின்று காப்பாற்றுவது என்று எனக்குத் தெரியாமலே போயிற்று.

பையன் பிறந்தான். என்னைவிட உன் இடுப்பில்தான் வளர்ந்தான். அவன் அரைக்கால் சட்டை போட்டு ஓட ஆரம்பித்த வருஷம், திருவிழாவுக்குக் காப்பு கட்டியிருந்த சமயம், கரும்புத் தோட்டத்து பம்புசெட்டில் நீ துணி அலசிக்கொண்டிருந்ததைப் பார்த்தேன். தண்ணீர் சிவப்பாகப் போய்க்கொண்டிருந்தது. என்னைப் பார்த்ததும் துணியைக் காலுக்கடியில் போட்டு மிதித்துக்கொண்டாய்.

"எத்தினி நாளா இப்பிடி?"

"அது எப்பவும் இருக்கறதுதான். கம்மியாவும் ஜாஸ்தியாவும்."

"எப்பவும்னா?"

"நீ வர்றதுக்கு முன்னாடிலேர்ந்து."

பெரும்பாடு, நிற்காத உதிரப்போக்கு. அதற்கு நீ பார்த்த வைத்தியம், சந்தையில் மலைக்காரம்மா விற்கிற கடுக்காயை இடித்து மோரில் குடித்தது. ஆஸ்பத்திரிக்கு ஏன் போகவில்லை என்று கேட்டேன். போனால் ஊருக்குத் தெரிந்துவிடும் என்றாய். தெரிந்தால், நாள் கணக்கில்லாமல் தீட்டுப் படுகிறவள் சாமிக்குக் கொடுக்கக்கூடாது என்று முறையைப் பிடுங்கிவிடுவார்கள். அதற்குப் பயந்து நீ வருஷக் கணக்கில் ரத்தத்தை ஒளித்து வைத்திருக்கிறாய். பிள்ளை இல்லை என்றார்கள், பொறுத்தாய். புருஷனைப் பங்கு போட்டாய், பொறுத்தாய். தோல் கொடுக்கிற அந்த ஒரு நிமிஷம் மட்டும் போகக்கூடாது உனக்கு.

"வா, இன்னிக்கே போவலாம்" என்றேன்.

"காப்பு கட்டிட்டாங்கடி. எல்லையத் தாண்டக் கூடாது. தூது முடிஞ்ச மறுநாளே வரேன்."

"எல்லைக்குள்ளயே செத்தா பரவால்லியா?"

"செத்தா செத்துட்டுப் போறேன். சாமி பட்டினியா நிக்குமே."

நம் புருஷனிடம் சொன்னேன். அவர் கெட்டவர் இல்லை, நீ சொன்னது சரிதான். ஆனால் துணிச்சல் இல்லாதவர். "தூது முடியட்டும். இப்ப வெளிய தெரிஞ்சா, இத்தினி வருஷம் தீட்டோட குடுத்தான்னு என்னையும் சேத்து ஊர்க்கூட்டத்துல நிக்க வெப்பாங்க" என்றார். சொல்லிவிட்டுக் கோயிலுக்குக் கிளம்பிப் போனார். 

தூது நாள் காலையில் நீ குளித்து, மஞ்சள் புடவை கட்டி, பூவன் பழங்களை மடியில் எடுத்துக்கொண்டு அறையைத் தாண்டும்போது அப்படியே சரிந்தாய். மஞ்சள் புடவை இடுப்புக்குக் கீழே நனைந்திருந்தது. பலூன் விற்க வந்தவனை இறக்கிவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்த ஷேர் ஆட்டோவை மறித்தேன். டிரைவரும் நானுமாக உன்னைத் தூக்கி உட்கார வைத்தோம். நம் புருஷன் வேஷம் கட்டக் கோயிலுக்குப் போய்விட்டிருந்தார். பையனைப் பக்கத்து வீட்டில் விட்டேன். பிறகு திரும்பிப் போய்க் கதவைப் பூட்டினேன்.

அந்தப் பூட்டைப் பற்றி ஊரில் இன்றுவரைக்கும் பேசுகிறார்கள். அவசரத்தில் பூட்டினேன் என்று எனக்காகப் பரிந்து பேசுகிறவர்களும் உண்டு. அவசரமெல்லாம் இல்லை. தெரிந்துதான் பூட்டினேன். திறந்து கிடந்தால் எவளையாவது உள்ளே நிறுத்தி, உன் இடத்தில் பழம் எறியச் சொல்லிக் காரியத்தை முடித்திருப்பார்கள். நீ இல்லாமல் அது நடக்கக்கூடாது என்று எனக்குப் பட்டது. சாவியை ரவிக்கைக்குள் போட்டுக்கொண்டு ஆட்டோவில் ஏறினேன். அதற்காக நான் ஒரு நாளும் வருத்தப்பட்டதில்லை.

நீ கண்ணைத் திறந்தது ஊர் எல்லை தாண்டின பிறகு. எங்கே போகிறோம் என்று புரிந்ததும் என் தலைமுடியைப் பிடித்தாய். "தெறந்து வெச்சிட்டாவது வாடி. பாவி, தெறந்து வெச்சிட்டாவது வா" என்று கள்ளக்குறிச்சி வரும்வரை சொல்லிக்கொண்டே வந்தாய். உன் கையில் அவ்வளவு பலம் எங்கேயிருந்து வந்ததென்று தெரியவில்லை.

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா உன்னைப் பார்த்துவிட்டு என்னை வெளியே கூப்பிட்டார். கர்ப்பப்பையில் கட்டி, பல வருஷமாக வளர்ந்திருக்கிறது, இப்போது வேறு மாதிரி ஆகியிருக்கிறது என்றார். "கல்யாணம் ஆன புதுசுலயே வந்திருந்தா எடுத்திருக்கலாமேம்மா. குழந்தைகூடத் தங்கியிருக்கலாம்" என்றார். பழம் வேண்டியிருக்கவில்லை உனக்கு. சக்களத்தி வேண்டியிருக்கவில்லை. ஒரு தடவை பஸ் ஏறி இந்த ஆஸ்பத்திரிக்கு வந்திருந்தால் போதும். என்னைத் தேடி எலவனாசூர்கோட்டை வரைக்கும் ஏறினாயே, அதே பஸ்ஸில் இந்தப் பக்கம் ஏறியிருக்கலாம்.

ஊரில் நடந்ததை நம் புருஷன் பிறகு சொன்னார். கிருஷ்ணர் எல்லாப் பெரிய வீட்டையும் மறுத்துவிட்டு வந்து பூட்டிய கதவுக்கு முன்னால் நின்றாராம். மத்தளக்காரர் அடித்துக்கொண்டே இருந்தாராம். மடியேந்தினவர்கள் வெயிலில் காத்திருந்து அழுதார்களாம். விதுரர் வேஷத்தோடு அவர் தலைகுனிந்து நின்றிருக்கிறார். ஊர்க்கூட்டம் போட்டு நம் முறையைப் பெரிய தெருவில் ஒரு வீட்டுக்கு மாற்றிவிட்டார்கள். இப்போது அந்தப் பட்டம் அவர்களுக்குக் கசக்கவில்லை. வீட்டு முன்னால் பந்தல் போட்டு, போட்டோ பிடித்து நடத்துகிறார்கள்.

நீ ஆஸ்பத்திரியிலிருந்து வந்தாய். அதற்குப் பிறகு என்னிடம் நேராக ஒரு வார்த்தை பேசவில்லை. "உங்கம்மா கிட்ட சொல்லு, கஞ்சி போதும்னு" என்று என் பையனிடம் சொல்வாய், நான் பக்கத்தில் நின்று ஆற்றிக்கொண்டிருக்கும்போதே. நான் உன்னைக் குளிப்பாட்டினேன், துணி மாற்றினேன், விழுப்புரம் ஆஸ்பத்திரிக்கும் தூக்கிக்கொண்டு அலைந்தேன். எல்லாவற்றுக்கும் உடம்பைக் கொடுத்தாய், முகத்தை மட்டும் கொடுக்கவில்லை. அடுத்த திருவிழாவுக்கு முன்பே போய்விட்டாய். உன் பழத்தில் பிறந்த பிள்ளைகள் ஊரில் எத்தனையோ பேர் இருந்தார்கள். கொள்ளி வைக்க என் பையனைத்தான் தூக்கிக்கொண்டு போனோம். சின்னப் பிள்ளை, வேண்டாம் என்றார்கள் சிலர். "அவங்க புள்ள அவன்" என்றேன்.

இதில் பாதியை இன்றைக்கு ஆட்டோவில் அந்தக் கிழவரிடம் சொன்னேன். நீ இல்லை என்று கேட்டதும் அவர் பெட்டியின்மேல் கையை வைத்துக்கொண்டார். பிறகு, "அந்தம்மா கண்ணு இருக்குதே, அத நேரா பாக்க எனக்கு தைரியம் இருந்ததில்லம்மா" என்றார்.

"தோலெல்லாம் நீங்கதானே துன்னீங்க" என்றேன்.

"பொய் சொல்லக் கூடாது. வாயில அதக்கிக்குவேன். அடுத்த சந்து திரும்பினதும் துண்டுல துப்பிடுவேன். தோலு துவர்ப்பு, தொண்டயக் கட்டிக்கும். விடிய விடிய பாடணுமே. எங்க வாத்தியாரு அப்பிடித்தான் சொல்லிக் குடுத்தாரு."

அவர்மேல் எனக்குக் கோபம் வரவில்லை. பாடிப் பிழைக்கிறவருக்குத் தொண்டைதான் எல்லாம். ஆனால் அதற்கு மேல் அவர் பக்கத்தில் உட்கார முடியவில்லை. நம் ஊருக்கு முந்தின நிறுத்தத்திலேயே இறங்கி, மலையைப் பார்த்துக்கொண்டு நடந்து வந்தேன். நீ பட்டினி கிடந்ததும், ரத்தத்தை ஒளித்ததும், செத்ததும் ஒரு துண்டுக்குள் போயிருக்கிறது. உன்னிடம் இதைச் சொல்லாமல் இருந்திருக்கலாம். ஆனால் உன்னிடம் சொல்லவேண்டியது எனக்கு இன்னொன்றும் இருக்கிறது. அதைச் சொல்ல இதையும் சொல்லத்தான் வேண்டியிருக்கிறது.

அந்தத் தூது நாள் மத்தியானம், பெண்கள் வார்டில், உனக்கு ரத்தம் ஏறிக்கொண்டிருந்தது. வெளியே வெயில். ஊரில் மத்தளம் நம் தெருவுக்குள் திரும்புகிற நேரம் அதுவாகத்தான் இருந்திருக்கும். நீ திடீரென்று எழுந்து உட்கார்ந்தாய். மடியில் முடிந்து வைத்திருந்த பழம் எப்படியோ இன்னும் உன்னிடம் இருந்தது. உரித்தாய். எனக்கு அந்த முகம் தெரியும், அந்தக் கண்ணும் தெரியும். பழம் உன் தோளுக்குப் பின்னால் போய்ச் சுவரில் மோதி மெத்தையில் விழுந்தது. தோலை என் பக்கம் நீட்டினாய். கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது. பக்கத்துக் கட்டிலில் இருந்தவர்கள் எழுந்து பார்த்தார்கள்.

நான் சாமி இல்லை, அக்கா. நீ தட்டோடு வந்து கேட்டு வாங்கிய சக்களத்தி. உன் பக்தியை ஒரு நாளும் எனக்குப் பிடித்ததில்லை. அன்றைக்கு அதன்மேல் எனக்கு இருந்த வெறுப்புக்கு அளவே கிடையாது. ஆனால் உன் கை நீட்டியபடியே இருந்தது. யாராவது வாங்கித்தான் ஆகவேண்டும். வாங்கித் தின்றேன். நார் நாராக, காம்பு வரைக்கும் மென்று விழுங்கினேன்.

மறுநாள் தெளிந்ததும் நீ என்னிடம் கேட்டது ஒன்றே ஒன்று. "சாமி பட்டினியாத்தான் போச்சு இல்ல?" அதுதான் நீ என்னிடம் பேசிய கடைசிப் பேச்சு. இல்லை, கொடுத்தாய், தின்றாயிற்று என்று அப்போதே சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தால் நீ எழுந்து என்னைக் கும்பிட்டிருப்பாய். உன் கும்பிடை வாங்கிக்கொள்ள என்னால் முடியாது. அதற்கு உன் கோபம் எனக்கு எவ்வளவோ மேலாக இருந்தது.

தோலைக் கொடுத்துவிட்டு நீ தலையணையில் சாய்ந்தாய் இல்லையா, மெத்தையில் கிடந்த பழத்தை நான் எடுத்தேன். துடைத்து, கொஞ்சம் கொஞ்சமாகக் கிள்ளி உன் வாயில் வைத்தேன். தின்றாய். வருஷா வருஷம் எறிந்த பழத்தை அன்றைக்குத்தான் முதல் முதலாகத் தின்றாய், என்ன தின்கிறோம் என்று தெரியாமலே. இனிக்குதாக்கா என்று கேட்க ஆசையாக இருந்தது. கேட்க முடியவில்லை. என் வாய் நிறையத் தோல் இருந்தது. அந்தத் துவர்ப்பு இன்னும் எனக்குப் போகவில்லை.